இருப்புப் பாதையில் ஜப்பான் – 5: எந்த ஊரில் இறங்குவது?

ஜப்பான் தேசத்தின் ரயில் பாதைப் படத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் பதினைந்து நாள் விடுமுறைக்குள் எந்தெந்த ஊர்களைப் பார்த்துத் திரும்பலாம் என்று யோசிக்கத் தொடங்கும் பிரயாணிக்கு முதலில் உற்சாகம் பிறக்கும். சற்று நேரம் கழிவதற்குள் அந்த உற்சாகம் மலைப்பாக மாறிவிடும். ஹொன்ஷு, ஹொக்காய்டோ, ஷிகோக்கு, கியூஷு என்னும் நான்கு பெருந்தீவுகளையும் கடலுக்கு அடியில் குடைந்த சுரங்கங்களாலும் கடலுக்கு மேல் எழுப்பிய பாலங்களாலும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் அந்தத் தேசத்தில், ரயிலேறிச் சென்றடைய முடியாத பெரிய ஊர் என்று ஒன்றை விரல் வைத்துக் காட்டுவது கடினம். எல்லா ஊரும் எட்டுகிற இடத்தில் இருப்பதால் எந்த ஊரையும் விட மனம் வருவதில்லை. சப்போரோவும் வேண்டும், நாகசாகியும் வேண்டும், இடையிலுள்ள கியோட்டோவும் ஹிரோஷிமாவும் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையில் ஓர் ஊர் மாலையில் ஓர் ஊர் என்று ஓடியவர்கள், ரயில் நிலையங்களையும் விடுதி அறைகளையும் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்காமல் தாயகம் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன்.

இத்தொடரின் சென்ற பகுதிகளைப் படித்துவிட்டு, எந்த ஊர்களுக்குப் போவது என்று கேட்டு எழுதியிருக்கும் வாசகர்களுக்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்களைப் பொறுக்குவதற்கு முன்னால் பாதையைப் பொறுக்குங்கள். ஏதேனும் ஒரு பிரதேசத்தில் ஒரு பாதையைத் தீர்மானித்துக்கொண்டு, அந்தப் பாதையும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் எந்த ஊர்களுக்கு அழைத்துச் செல்கின்றனவோ அந்த ஊர்களில் நிதானமாக இறங்கித் தங்குவதே ஜப்பானை ரயிலில் பார்க்கிற முறை.

இதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் இருப்பது ஒரு ரயில்வே அல்ல; ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு ரயில்வேக்கள். முதலாவது, 1872-ஆம் ஆண்டு டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகஹாமா துறைமுகத்துக்கு ஆங்கிலேயப் பொறியியலாளர்களின் துணையோடு போடப்பட்ட பாதையில் தொடங்கி, அதே 1,067 மில்லிமீட்டர் அகலத்தில் தேசமெங்கும் பரவிய பழைய பாதை. நிலத்தில் பெரும்பகுதி மலையாக இருக்கும் நாட்டில் அந்தக் குறுகிய பாதை ஆற்றோரமாகவும் கடலோரமாகவும் வளைந்து வளைந்து, ஜனங்கள் எங்கே குடியிருந்தார்களோ அங்கெல்லாம் தேடிச் சென்றது. கோட்டை நகரங்களின் வாசலிலும், மீன் துறைகளின் ஓரத்திலும், கோவில்களின் படிக்கட்டு அடியிலும் நின்றது. இரண்டாவது, டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்குவதற்குச் சில தினங்கள் முன்பாக, 1964 அக்டோபர் 1-ஆம் தேதி, டோக்கியோவுக்கும் ஷின் ஓசாக்காவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத் தொடங்கிய ஷிங்கான்சென் என்னும் வேக ரயில். 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தப் பாதை வளைவுகளை வெறுப்பது. மலை குறுக்கிட்டால் குடைந்து செல்வது. ஊர் குறுக்கிட்டால் பல இடங்களில் ஊருக்கு வெளியிலேயே நிலையத்தை அமைத்துக்கொண்டு போய்விடுவது. குராஷிகி, ஒனோமிச்சி முதலிய அழகிய பழைய ஊர்களின் பெயரை ஷிங்கான்சென் நிலையப் பலகையில் கண்டு இறங்குகிறவர்கள், ஊரைக் காண்பதற்கு மேலும் சில கிலோமீட்டர் பஸ்ஸிலோ வேறு ரயிலிலோ போக வேண்டியிருப்பது இதனால்தான். வேக ரயில் ஒரு பிரதேசத்திலிருந்து மற்றொரு பிரதேசத்துக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் சாதனம். ஊர்களைக் காட்டுவது பழைய பாதையின் சாதாரண வண்டி.

செலவுக் கணக்கும் இப்போது இதற்கே சாதகமாக இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரயாணிகளுக்கென்று ஜே.ஆர். ரயில் நிறுவனங்கள் விற்கும் தேசம் முழுமைக்குமான ஏழு நாள் பாஸ், 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஒரே தாவலில் உயர்த்தப்பட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு வேக ரயிலில் ஒரு வழிக் கட்டணம் ஏறக்குறைய 14,000 யென்தான். போய்த் திரும்பினாலும் பாஸின் விலையில் கணிசமான பகுதி மிஞ்சுகிறது. வாங்கிய பாஸுக்கு ஈடு கட்ட வேண்டுமென்று ஓயாமல் வண்டியேறும் நிர்ப்பந்தம் அதனால் நீங்கிவிட்டது. டோக்கியோவில் விமானம் இறங்கி ஓசாக்காவில் விமானம் ஏறுவதென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் திரும்பும் பிரயாணமும் மிச்சம். பிரதேசங்களுக்கென்று தனித்தனியே கிடைக்கும் சிறு பாஸ்களில் தமக்கு உகந்தது எது என்பதை அவரவர் பாதையைத் தீர்மானித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் சிபாரிசு செய்யும் பாதை, டோக்கியோவில் தொடங்கி, நகோயாவில் வடக்கே திரும்பி மலைகளைக் கடந்து, ஜப்பான் கடலோரமாகக் கனசாவாவைத் தொட்டு, கியோட்டோவுக்கும் நாராவுக்கும் இறங்கி, அங்கிருந்து மேற்கே ஹிரோஷிமா வரை செல்வது.

டோக்கியோவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அது தனியே பல வாரங்களுக்கு உரிய விஷயம். அங்கிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய நிக்கோ, காமகுரா என்னும் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க அவகாசம் உண்டென்றால், காமகுராவுக்கே போகச் சொல்வேன். நிக்கோவில் ராணுவ ஆட்சியாளர் தொகுகாவா இயேயாசுவின் சமாதி ஆலயம் 1636-இல் அவருடைய பேரனால் பொன்னும் வண்ணமும் இழைத்துப் புதுப்பிக்கப்பட்டது; அதன் வாயிலில் நெருங்கிக் கிடக்கும் சிற்ப அலங்காரம் ஜப்பானுக்கு அபூர்வமே தவிர, கோபுரங்களின் நிழலில் வளர்ந்த நம் கண்களுக்கு அவ்வளவு அபூர்வமன்று. காமகுராவிலோ, 13-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட வெண்கலப் புத்தர், தம்மைச் சூழ்ந்திருந்த மண்டபம் இயற்கையின் சீற்றத்தில் அழிந்துபோன பிறகு பல நூற்றாண்டுகளாகத் திறந்த வெளியில், மழையையும் வெயிலையும் கடற்காற்றையும் ஏற்றுக்கொண்டு வீற்றிருக்கிறார். அருகே போய்ப் பார்த்தால் வார்ப்பைப் பகுதி பகுதியாக இணைத்த விளிம்புகள் முதுகிலும் தோளிலும் வரிவரியாகத் தெரியும். பச்சை படர்ந்த அந்த உலோகத்தின் மேல் மழை வழிந்த தாரைகளும் தெரியும். காமகுரா நிலையத்திலிருந்து அந்தச் சந்நிதிக்குச் செல்லும் எனோடென் என்னும் சிறு ரயில், வீடுகளின் கொல்லைகளுக்கு இடையிலும், கடற்கரை ஓரத்திலும், ஓரிடத்தில் டிராம் போலத் தெருவின் நடுவிலும் ஓடுவது, 1902-இல் தொடங்கியது, மொத்தம் 10 கிலோமீட்டர்தான்.

டோக்கியோவிலேயே ரயிலில் ஈடுபாடுள்ள தமிழர் ஒருவர் சென்று நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. போரில் மாண்ட ஜப்பானியரை வணங்கும் யாசுகுனி ஆலயம், போர்க் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டவர்களும் அங்கே சேர்த்து வணங்கப்படுவதால் அண்டை நாடுகளின் கண்டனத்துக்கு இன்றளவும் உள்ளாகி வருவது. அதைச் சேர்ந்த யூஷூகான் காட்சிசாலையின் முகப்புக் கூடத்தில், சி 56 வகையைச் சேர்ந்த 31-ஆம் எண் நீராவி எஞ்சின் கறுப்பு வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கிறது. 1943-இல் ஜப்பானியப் படை அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதை பூர்த்தியானபோது அதில் ஓடிய எஞ்சின் அது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையின் கதையை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. நேச தேசத்துப் போர்க் கைதிகளுக்குக் கல்லறைகளும் நினைவுச் சின்னங்களும் எழும்பின. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட மிஞ்சவில்லை. ஜப்பானிய ரயிலின் ஒழுங்கையும் வேகத்தையும் மனமார மெச்சுகிற நாம், அந்த எஞ்சினின் முன்னால் சற்று நேரம் நின்று அவர்களை நினைத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நகோயாவிலிருந்து தகாயாமாவுக்குப் போகும் ‘ஹிதா’ எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள், ஆசனங்களெல்லாம் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. இருபது நிமிஷத்தில் வரும் கிபு நிலையத்தில் வண்டி திசை மாறும். அதன் பிறகு எல்லாரும் முன்னோக்கியே செல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பிரயாணத்தின் பெரும்பகுதியில் ரயில் ஹிதா நதியை விட்டுப் பிரிவதில்லை. நதியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பாலங்களில் மாறி மாறி, பாறைகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் தேங்கிக் கிடக்கும் மடுக்களையும், நுரைத்து விழும் ஓடைகளையும், மலைச் சரிவில் நான்கைந்து வீடுகளும் ஒரு சிறு நெல் வயலுமாக அமைந்த குடியிருப்புகளையும் காட்டிக்கொண்டே மேலேறுகிறது.

தகாயாமாவை இந்தப் பாதையின் முக்கியமான ஊர்களில் ஒன்றாக நான் வைப்பதற்குக் காரணம், அது மரத்தச்சர்களின் ஊர். நெல் விளைச்சல் குறைந்த இந்த மலை நாட்டினர் அரசுக்கு வரி செலுத்த வகையற்றிருந்தமையால், 8-ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் அவர்களுக்கு வரியில் சலுகை அளித்து, அதற்குப் பதிலாக ஐம்பது வீடுகளுக்குப் பத்துப் பேர் வீதம் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பி வைக்கும்படி விதித்தன. நாராவிலும் கியோட்டோவிலும் நாம் பின்னால் பார்க்கப்போகிற மர மாளிகைகளுக்கும் ஆலயங்களுக்கும் உழைத்த கைகள் இங்கிருந்து சென்றவை. ஆகையால் முதலில் தச்சர்களின் ஊரையும், பிறகு அவர்கள் வேலை செய்த ஊர்களையும் பார்ப்பதே முறையான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய வணிகர் தெருக்களில் வீடுகள் புகையேறிய கறுப்பு மரத்தாலானவை. தெருப் பக்கம் முழுதும் மெல்லிய மரச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்திய அளிகள். தெருவின் இரு ஓரங்களிலும் மலைத் தண்ணீர் ஓடும் சிறு வாய்க்கால்கள். சில வீடுகளின் இறவாணத்தில், தேவதாரு வகையைச் சேர்ந்த மரத்தின் இலைகளைத் திணித்துக் கத்தரித்த பெரிய உருண்டை ஒன்று தொங்கும். அது அரிசி மது வடிக்கும் வீடு என்பதற்கு அடையாளம். புது மது வடிகிற பருவத்தில் பசுமையாகத் தொங்கவிடப்படும் அந்த உருண்டை மாதங்கள் செல்லச் செல்லப் பழுப்பேறி, உள்ளே இருக்கும் மது எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை வழிப்போக்கனுக்குத் தெரிவித்துவிடுகிறது. மதுவை விரும்பாதவர்களும் நின்று கவனிக்கத் தகுந்த வழக்கம் அது. பகல் வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்பும் கூட்டம் போன பிறகுதான் இந்தத் தெருக்கள் தம் இயல்புக்குத் திரும்புகின்றன. மறுநாள் அதிகாலையில் மியாகவா ஆற்றங்கரைச் சந்தையில் கிழவிகள் ஊறுகாயும் காய்கறியும் பரப்பி உட்கார்வதையும் அப்போதுதான் பார்க்க முடியும். ஆகையால் இங்கே இரவு தங்கியே ஆக வேண்டும்.

தகாயாமாவிலிருந்து அதே பாதையில் வடக்கே இறங்கினால் தொயாமா. அங்கிருந்து வேக ரயிலில் சிறிது நேரத்தில் கனசாவா. மாஏதா வம்சத்துப் பிரபுக்களின் தலைநகராக இருந்து, உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பிய ஊர். நிலையத்தின் வாசலில், நம் உடுக்கை போன்ற ஜப்பானிய முரசின் வடிவில் முறுக்கிய மரத் தூண்கள் தாங்கும் பெரிய வளைவு ஒன்றைக் காண்பீர்கள். கென்ரோகுவென் தோட்டத்தையும், ஜப்பானின் தங்க ரேக்கில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் பட்டறைகளையும் பார்க்க ஒரு நாள் போதும். கியோட்டோவுக்கு முன்பு ஒரே வண்டி இருந்தது. 2024 மார்ச்சில் வேக ரயில் த்சுருகா வரை நீட்டப்பட்ட பின்னர், த்சுருகாவில் இறங்கி மாறித்தான் போக வேண்டும்.

794 முதல் 1868 வரை சக்கரவர்த்திகளின் ராஜதானியாக விளங்கிய கியோட்டோவில், வழிகாட்டி நூல்கள் அடுக்கும் ஆலயங்களை எல்லாம் பார்க்க முயல்வது வீண் சிரமம். தங்கத் தகடு வேய்ந்த கின்காகுஜியைச் சுற்றி எந்நேரமும் ஜன நெருக்கடி. இன்று நாம் காண்பது 1950-இல் தீக்கிரையானதற்குப் பதிலாக 1955-இல் கட்டியெழுப்பிய மண்டபம். அதைவிட, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்திலிருக்கும் சஞ்சூசங்கெந்தோவில் அரை நாள் செலவிடுமாறு தமிழ் வாசகர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே கூரை ஓடுகிற, அலங்காரமற்ற மரக் கூடம் அது. காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், மங்கலான வெளிச்சத்தில், படிப்படியாக உயரும் வரிசைகளில், பொன் பூசிய மரத்தாலான அவலோகிதேசுவர விக்கிரகங்கள் 1,001. அமர்ந்த திருக்கோலத்திலுள்ள நடு மூர்த்தி, தங்கேய் என்னும் சிற்பி 1254-இல் தம் முதுமையில் முடித்தது. ஒவ்வொரு விக்கிரகத்துக்கும் பதினொரு முகங்கள். நாற்பது கைகள் ஒவ்வொன்றும் இருபத்தைந்து உலகங்களைக் காப்பதாகக் கொண்டு அவற்றை ஆயிரம் கைகள் என்பார்கள். 1249-ஆம் ஆண்டுத் தீயிலிருந்து 124 விக்கிரகங்களை வெளியே எடுத்துக் காப்பாற்றினார்கள். கூடம் 1266-இல் மறுபடியும் எழுந்தது. இந்தப் பொன் வரிசைக்கு முன்னால் காவலாக நிற்கும் 28 தேவர்களிடத்திலேதான் நாம் நிதானிக்க வேண்டும். பிரமனும் இந்திரனும் அங்கே நிற்கிறார்கள். கந்தர்வனும் கின்னரனும் அசுரனும் நிற்கிறார்கள். எலும்பெடுத்த மார்போடு வசு முனிவர் கோலூன்றி நிற்கிறார். அலகும் சிறகும் கொண்ட கருடன், நம் பெருமாள் சந்நிதிகளில் கைகூப்பி நிற்பவன், இங்கே புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருக்கிறான். நம் நாட்டில் பிறந்து, மத்திய ஆசியாவின் பாலைகளையும் சீனத்தையும் கொரியாவையும் கடந்து, ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டின் உடையையும் முகச் சாயலையும் ஏற்று இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த இந்தத் தேவர்களை, எந்த அறிமுகமும் இல்லாமல் பெயர் சொல்லி அழைக்க முடிகிற பிரயாணிகளாக நாம் இருக்கிறோம். இந்தப் பாக்கியத்தைப் படம் பிடிக்கும் அவசரத்தில் இழந்துவிடக் கூடாது. உள்ளே படம் பிடிக்க அனுமதி கிடையாது என்பதும் நல்லதே.

கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணிப் பிரயாணம். போகிற வழியிலுள்ள இனாரி என்னும் சிறு நிலையத்தில் இறங்கினால், மலையுச்சி வரை ஆயிரக்கணக்கான செந்நிற மர வாயில்கள் வரிசையாக நிற்கும் புஷிமி இனாரி ஆலயம் நிலைய வாசலிலேயே தொடங்குகிறது. நாராவில் தோதாய்ஜி ஆலயத்தின் மகா புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கல மூர்த்தி. அந்த மூர்த்திக்குக் கண் திறக்கும் வைபவத்தை 752-இல் நடத்தி வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி; 736-இல் சீனத்திலிருந்து கப்பலேறி ஜப்பான் வந்தவர்; தென்னிந்திய அந்தணர் என்று ஜப்பானியப் பழம் பதிவுகள் அவரைக் குறிக்கின்றன. அவர் கையிலிருந்த தூரிகையோடு நீண்ட கயிறுகளைப் பிணைத்து, கூடியிருந்தோர் அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு, கண் திறக்கும் புண்ணியத்தில் தாங்களும் பங்கு பெற்றார்கள். தூரிகையும் நீலக் கயிறும் நாராவின் சோசோயின் கருவூலத்தில் இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

நாராவுக்கு வருகிறவர்களில் பலர் மான்களுக்குத் தின்பண்டம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், நாராவிலிருந்து ஓசாக்கா செல்லும் வண்டியில் சில நிமிஷங்களில் வரும் ஹொரியூஜி நிலையத்தில் இறங்குங்கள். இருபது நிமிஷ நடையில், 607-இல் நிறுவப்பட்ட ஆலயம். உலகில் எஞ்சி நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழமையானவை அங்கேயுள்ள பொன் மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும். பிராகாரத்தின் மரத் தூண்கள் மேலும் கீழும் சற்றே குறுகி, நடுவில் மெல்லப் பருத்திருப்பதைக் கண்ணை விடக் கையால் தடவியே நன்றாக உணரலாம். பொன் மண்டபத்தின் சுவர்களில் இருந்த போதிசத்துவ ஓவியங்கள் அஜந்தாவின் வழியில் வந்தவை என்று கலை அறிஞர்கள் போற்றிய காலம் உண்டு. அவற்றைப் படியெடுக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1949 ஜனவரி 26-ஆம் தேதி காலையில் தீப்பிடித்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த வண்ணங்கள் கருகிப்போயின. ஜப்பானியர் அந்தத் துக்கத்தோடு நின்றுவிடவில்லை. மறு ஆண்டே கலாசாரச் சொத்துக்களைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றினார்கள். ஜனவரி 26-ஆம் தேதியைக் கலாசாரச் சொத்துக்களின் தீத் தடுப்பு நாளாக வைத்து இன்றும் தேசமெங்கும் ஒத்திகை நடத்துகிறார்கள். சுவரோவியங்களைச் சுண்ணாம்பு பூசி இழந்துகொண்டிருக்கும் நம் ஆலய நிர்வாகிகளில் சிலரையேனும் ஹொரியூஜிக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் வற்றலில் இறக்கிய சாறு இல்லாத குழம்போ ரசமோ ஜப்பானியச் சமையலில் அபூர்வம். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பதார்த்தத்திலும் அது கலந்திருக்கும். ரயில் நிலையங்களில் விற்கும் உணவுப் பெட்டிகளின் புகழைச் சென்ற வாரம் விவரித்தேன். அவற்றில் நமக்கு உகந்தவை சொற்பம். அவசரத்துக்கு, உப்பிலிட்ட பிளம் பழத்தை நடுவில் வைத்துப் பிடித்த சோற்று உருண்டை கைகொடுக்கும். ஆனால் வயிறும் மனமும் நிறையச் சைவ போஜனம் வேண்டுகிறவர்கள் ஓசாக்காவின் நம்பாவிலிருந்து நங்காய் ரயிலேறி, பாதை முடியும் கொகுராகுபாஷியில் இழுவை வண்டிக்கு மாறி, கோயாசான் மலைக்குச் செல்ல வேண்டும். குகாய் என்னும் மகான் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய க்ஷேத்திரம் அது. ஐம்பதுக்கு மேற்பட்ட மடங்கள் பிரயாணிகளைத் தங்கவைத்து, மாமிசமும் மீனும் வெங்காயமும் பூண்டும் சேராத உணவு படைக்கின்றன. விடியற்காலையில் சில மடங்களில் ஹோமம் நடக்கும். வடமொழி மந்திரங்கள் ஜப்பானிய உச்சரிப்பில் ஒலிக்கும். கல்லறைத் தூபிகளில், பிராமியின் வழிவந்த சித்த மாத்ருகா எழுத்துக்கள் பொறித்திருக்கும். மலையிலிருந்து அன்றே இறங்கிவிடுகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கிட்டாது.

ஓசாக்காவுக்கு மேற்கே ஹிமேஜியின் வெண்ணிறக் கோட்டை நிலைய வாசலிலிருந்தே நேராகத் தெரிகிறது. 1609-இல் முடிந்த அந்தக் கோட்டைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கி, பெட்டிகளை நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பார்த்து வரலாம். அதன் பிறகு ஒக்காயாமாவில் வேக ரயிலை விட்டுவிட்டுச் சாதாரண வண்டியில் ஏறுங்கள். குராஷிகியில் கால்வாயோரத்து வெள்ளைச் சுவர்ப் பண்டகசாலைகளும், பஞ்சாலை அதிபர் ஒருவர் 1930-இல் நிறுவிய ஒஹாரா கலைக்கூடமும் உள்ளன. ஒனோமிச்சியில் ரயில் பாதை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஊரை அறுத்துக்கொண்டு போகிறது; ஆலயப் படிக்கட்டுகள் தண்டவாளத்துக்கு அடியிலும் குறுக்கிலுமாக மேலேறுகின்றன. யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த ‘டோக்கியோ கதை’யில், பெற்ற மக்களைப் பார்க்க முதிய தம்பதிகள் ரயிலேறிப் புறப்படுவது இந்த ஊரிலிருந்துதான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இறங்காமல் போக மாட்டார்கள். பாராதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

ஹிரோஷிமாவை எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்குவதற்கில்லை. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி காலை 8.15 மணிக்கு அங்கே நேர்ந்தது என்ன என்பதைக் காட்சிசாலை ஒளிவு மறைவின்றிக் காட்டும்; அதை விவரிக்க நான் முற்படவில்லை. குண்டு விழுந்த மூன்றாம் நாளே, எரிந்து அடங்காத நகரத்தில், ஒரு சிறு தூரத்துக்கு டிராம் வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன். அன்றைய அழிவில் சிக்கிப் பழுதுபார்க்கப்பட்ட 651, 652 எண்ணுள்ள டிராம்கள் இன்னும் அந்த நகரின் தெருக்களில் ஓடுகின்றன. நிலையத்திலிருந்து நினைவுப் பூங்காவுக்கு டாக்ஸியில் போகாமல் டிராமில் போங்கள்.

ஹொக்காய்டோவையும் கியூஷுவையும் நான் விட்டுவிட்டேன் என்று குறை கூறுவோர் இருப்பார்கள். அவை விடத் தகுந்தவை என்பதால் விடவில்லை. ஒவ்வொன்றும் தனிப் பிரயாணத்துக்கு உரியது என்பதால் விட்டேன். காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரையிலும், முன்னோர் வழிபாட்டுக்காக ஜனங்கள் சொந்த ஊர் செல்லும் ஆகஸ்ட் நடுவிலும், ஆண்டு முடிவிலும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. அந்நாட்களில் ஷிங்கான்செனின் நொசோமி வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. பெரிய பெட்டிகளைச் சுமந்து திரிய வேண்டாம். விடுதியில் கொடுத்தால் அடுத்த விடுதிக்கு மறுநாள் கொண்டு சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. தகாயாமாவுக்கும் கோயாசானுக்கும் கைப்பை போதும்.

ஹிரோஷிமாவில் ஒரு நாள் மிஞ்சுமானால், அதை எப்படிச் செலவிடலாம் என்பதைச் சொல்லி இந்த வாரப் பகுதியை முடிக்கிறேன். வடக்கே மலைகளுக்குள், மியோஷியிலிருந்து ஜப்பான் கடலோரத்து கோத்சு வரை 108 கிலோமீட்டர் தூரம் கோனோகவா நதியை ஒட்டிச் சென்ற சங்கோ பாதை, பிரயாணிகள் குறைந்தமையால் 2018 மார்ச் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் தூண்களின் மேல் நின்ற உசுயி நிலையத்துக்கு, 116 படிகளேறி இப்போது போனாலும் வண்டி வராது. ஹிரோஷிமாவிலிருந்து மியோஷிக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் கேய்பி பாதை இன்னும் ஓடுகிறது. ஆனால் அதன் கிழக்குப் பகுதியை மேற்கொண்டு நடத்துவதா வேண்டாமா என்று 2024 முதல் ஆலோசனைக் குழு அமைத்து விவாதித்து வருகிறார்கள். அந்தப் பகுதியில் நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு. ஆகையால் கால அட்டவணையை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டு, காலையில் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கி ஏறுங்கள்.